ஷார்டொனே வெண்திராட்சை: அதன் பிறப்பும் பண்புகளும்

மது தயாரிப்பதற்கெனப் பயிரிடப்படும் வெண்திராட்சை வகைகளுள் உலகில் மிகப் பரவலாக அறியப்பட்டது ஷார்டொனே என்னும் வகையாகும். பிரெஞ்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் தோன்றிய இவ்வகை, இப்பொழுது சுமார் நாற்பது நாடுகளில், ஏறத்தாழ 2 இலட்சம் எக்டேர் பரப்பில் வளர்க்கப்படுகிறது. இதன் சாறு உயர்ந்த விலை பெறும் வெண்மதுவாக மாறுகிறது. ஷாம்பேன் எனப்படும் நுரைமதுவிற்கும் இது ஒரு முக்கிய மூலப்பொருள்.

இத்தகைய புகழ் பெற்ற கொடியின் பெற்றோர் யாவை என்பது 1999ஆம் ஆண்டு வரை ஒருவருக்கும் திட்டமாகத் தெரியாது. தெரியவந்தபொழுது திராட்சை ஆராய்ச்சியாளர் பலரும் வியப்புற்றனர். பெற்றோருள் ஒன்று, உயர்குடிப் பிறப்புடையதென மதிக்கப்படும் பினோ. மற்றொன்றோ, பல நூற்றாண்டுகளாக இழிந்ததென ஒதுக்கப்பட்டு, சில இடங்களில் அரசாணையாலேயே தடை செய்யப்பட்டு, இறுதியில் தோட்டங்களினின்று ஏறக்குறைய மறைந்தே போன குவே பிளாங் என்னும் வெண்திராட்சை. பயிர்வகைகளைக் கணக்கெடுப்போருக்கும், மரபியலைக் கற்பிப்போருக்கும் இவ்வரலாறு பயனுள்ள பாடங்கள் சிலவற்றைத் தருகிறது.

பெயரும் ஊரும்

பர்கண்டியின் தென்பகுதியில், மாக்கோன் நகருக்கு வடக்கே, ஷார்டொனே என்றே பெயர் வழங்கும் சிற்றூர் ஒன்று உண்டு. திராட்சை வகைக்கு இவ்வூரினின்றே பெயர் வந்ததெனக் கருதுவர். முட்செடிகள் நிறைந்த இடம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே ஊர்ப்பெயராகத் திரிந்தது என்பதும் அவர்கள் கருத்து. இவ்வகையைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இதே வட்டாரத்தினின்று கிடைக்கின்றன. கொடி அதற்கும் முன்பே இருந்திருத்தல் வேண்டும். எனினும் பிற வகைகளோடு கலந்து நடப்பட்டு வேறு பெயர்களால் வழங்கியமையால், அதன் பழைய வரலாற்றை ஏடுகளைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலவில்லை.

பெயரைப் பற்றிய குழப்பம் 20ஆம் நூற்றாண்டிலும் நீங்கவில்லை. கறுப்புப் பினோவின் கொடியில் சிற்சில வேளைகளில் நிறம் இழந்த கிளை தோன்றும். அக்கிளையினின்று வளர்த்த கொடிக்குப் பினோ பிளாங், அதாவது வெள்ளைப் பினோ, என்று பெயர். ஷார்டொனேயும் இவ்வாறு நிறம் இழந்த பினோவே என்று பலர் எண்ணினர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மதுப் புட்டிகளின் மீது 'பினோ ஷார்டொனே' என்றே நெடுங்காலம் அச்சிட்டனர். இத்தாலியில் இரு வகைகளும் ஒரே தோட்டத்தில் ஒரே பெயரால் வளர்ந்தன. 1978ஆம் ஆண்டில்தான் அந்நாட்டுப் பயிர்வகைப் பட்டியலில் ஷார்டொனே தனி வகையாகப் பதிவாயிற்று.

தோட்டத்தில் அடையாளம் காணல்

ஷார்டொனேயின் கொத்து சிறியது அல்லது நடுத்தரமானது. காய்கள் நெருங்கிச் செறிந்திருக்கும். கனிகள் சிறியவை, உருண்டை வடிவின. தோல் மெல்லியது. முதிரும்பொழுது பச்சை நிறம் மாறிப் பொன்னிறம் கொள்ளும். வெயில் படும் பக்கம் நிறம் சற்று ஆழ்ந்திருக்கும். இப்பண்புகள் யாவும் வெள்ளைப் பினோவிலும் ஏறத்தாழ இவ்வாறே காணப்படுகின்றன. ஆகவே கனியை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது அனுபவமுடையோர்க்கும் அரிது.

நம்பத்தகுந்த அடையாளம் இலையில் இருக்கிறது. திராட்சை இலையின் காம்பு வந்து சேருமிடத்தில் இலைப்பரப்பு உள்வாங்கி ஒரு குழிவு உண்டாகியிருக்கும். பெரும்பாலான வகைகளில் இக்குழிவின் ஓரம் மெல்லிய இலைத்திசுவால் ஆனது. ஷார்டொனேயிலோ, குழிவின் அடியில் திசு இல்லாமல், நரம்பே ஓரமாக அமைந்து வெளித்தெரியும். வெள்ளைப் பினோவில் இவ்வாறு இராது. மான்ட்பெல்லியே நகரில் பணியாற்றிய பியேர் கலே என்னும் பேரறிஞர் இத்தகைய இலை, துளிர், கொத்து அடையாளங்களை முறைப்படுத்தித் திராட்சை வகைகளை அறியும் கலையை ஓர் அறிவியலாகவே வளர்த்தார்.

களப்பணியாளர் இதனின்று அறிய வேண்டுவது ஒன்று உண்டு. உழவர் சொல்லும் பெயர் முதற் சான்றாகலாம். முடிந்த சான்று ஆகாது. ஒரு பெயருக்குள் இரு வகைகள் ஒளிந்திருக்கலாம். ஒரே வகை ஊருக்கு ஊர் வேறு பெயர் கொண்டிருக்கலாம். பெயரைக் குறிக்கும்பொழுதே இலை, துளிர், கொத்து ஆகியவற்றின் அடையாளங்களையும் உடன் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

பெற்றோரைக் கண்டறிந்த முறை

இலையின் வடிவம் வகைகளைப் பிரித்தறிய உதவுமேயன்றி, அவற்றின் பெற்றோரை உறுதியாகக் காட்டாது. அதற்கு உயிரணுவினுள் உள்ள டி.என்.ஏ. இழையையே ஆராய வேண்டியதாயிற்று. இவ்விழையில் சில இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தொடர் பலமுறை அடுத்தடுத்து வருகிறது. எத்தனை முறை வருகிறது என்பது வகைக்கு வகை வேறுபடும். ஒவ்வொரு கொடியிலும் அத்தகைய இடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று தாயிடமிருந்து வந்தது. மற்றது தந்தையிடமிருந்து வந்தது.

ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் எளிதாக விளக்கலாம். ஓரிடத்தில் ஒரு பெற்றோரின் எண்கள் 12, 15 எனவும், மற்றதன் எண்கள் 10, 18 எனவும் கொள்க. பிள்ளைக்கு 12, 10 அல்லது 12, 18 அல்லது 15, 10 அல்லது 15, 18 என்னும் நான்கில் ஒன்றே அமையும். பிள்ளையெனக் கருதப்படும் கொடியில் 12, 15 எனக் காணப்பட்டால் இவ்விணை அதன் பெற்றோரல்ல என்பது பொதுவாகத் தெளிவாகும். ஓரிடத்தில் மட்டும் பொருந்துவது தற்செயலாகலாம். பல இடங்களிலும் பொருந்துமாயின் தற்செயல் என்பதற்கு இடமில்லை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கரோல் மெரிடித், ஜான் பவர்ஸ் ஆகியோரும், மான்ட்பெல்லியேயைச் சேர்ந்த பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களும் இணைந்து 322 திராட்சை வகைகளை இம்முறையில் ஒப்பிட்டனர். 1999இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இதுவாகும்: வடகிழக்குப் பிரான்சில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வந்த 16 வகைகள், பினோ, குவே பிளாங் என்னும் ஒரே பெற்றோர் இணையின் பிள்ளைகள். ஷார்டொனே, அலிகோத்தே, மெலோன், ஓசெருவா ஆகிய வெள்ளை வகைகளும், கமே என்னும் கறுப்பு வகையும் அவற்றுள் அடங்கும். 32 இடங்களில் எண்களை ஒப்பிட்டு இம்முடிவை அவர்கள் உறுதி செய்தனர்.

இரண்டனுள் எது தாய், எது தந்தை என்பது இச்சோதனையால் விளங்கவில்லை. இலையின் பச்சை நிறத்திற்குக் காரணமான பசுங்கணிகங்களுக்குத் தனியே ஒரு டி.என்.ஏ. உண்டு. திராட்சையில் அது தாயின் வழியாகவே பிள்ளைக்குச் செல்லும். 2010இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், இவ்வாறு சோதிக்கப்பட்ட 12 வகைகளுள் 9 வகைகளுக்குக் குவே பிளாங்கே தாய் எனத் தெரிந்தது. ஷார்டொனே, கமே, அலிகோத்தே ஆகிய மூன்றும் அவ்வொன்பதில் சேர்ந்தவை. தடை செய்யப்பட்ட கொடியே புகழ்பெற்ற கொடியை ஈன்றது என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

ஒதுக்கப்பட்ட தாய்

குவே பிளாங் மத்தியக் காலத்தில் ஐரோப்பாவின் பெரும் பகுதியில் பரவியிருந்தது. ஜெர்மன் மொழியில் இதற்கு ஹாய்னிஷ் என்று பெயர். கிழக்கு, மத்திய ஐரோப்பாவினின்று இது வந்ததெனக் கருதப்படுகிறது. கொடி செழித்து வளரும். மிகுதியாகக் காய்க்கும். ஆனால் மது புளிப்பு மிகுந்து, மணமும் செறிவும் குறைந்து இருக்கும். எனவே சிறந்த சரிவு நிலங்கள் பினோவிற்கு ஒதுக்கப்பட்டன. குவே தாழ்ந்த, வளம் குறைந்த நிலங்களில் எளிய உழவரின் அன்றாட மதுவிற்காக நடப்பட்டது. குவே என்னும் பெயரே பழைய பிரெஞ்சு மொழியில் இகழ்ச்சிக் குறிப்புடைய ஒரு சொல்லினின்று வந்தது என்பர். பல வட்டாரங்களில் ஆட்சியாளர் இதனை நடலாகாதென ஆணையிட்டனர்.

உயர்ந்த நிலத்தில் பினோவும், அதன் அருகே தாழ்ந்த நிலத்தில் குவேயும் பல நூற்றாண்டுகள் வளர்ந்தமையால், ஒன்றன் மகரந்தம் மற்றதன் பூவை அடைய வாய்ப்பு ஏற்பட்டது. திராட்சைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எனினும் சிறு விழுக்காடு அயல் மகரந்தத்தால் கருவுறுவது உண்டு. அவ்வாறு தோன்றிய விதைகள் சில தற்செயலாக முளைத்தன. அவற்றுள் நல்லனவற்றை யாரோ சில உழவர் கண்டு, குச்சி வெட்டி நட்டுப் பெருக்கினர். ஷார்டொனேயைத் தோற்றுவித்த உழவரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

இப்பதினாறு உடன்பிறப்புகளும் ஒரே மதிப்பைப் பெறவில்லை. 1395ஆம் ஆண்டில் பர்கண்டிக் கோமகன் பிலிப்பு என்பார் கமே திராட்சையைத் தம் நாட்டினின்று பிடுங்கியெறியுமாறு ஆணை பிறப்பித்தார். பின்னாளில் அது தெற்கே போஜொலே மலைப்பகுதியின் கருங்கல் நிலத்தில் தனக்குரிய இடத்தைப் பெற்றது. மெலோன், 1709ஆம் ஆண்டின் கடுங்குளிருக்குப் பின், மேற்கே நான்த் நகர்ப்புறத்தில் பெரிதும் பரவி, மஸ்கடே என்னும் மதுவிற்குரிய வகையாயிற்று. ஒரே பெற்றோர்க்குப் பிறந்தும் பண்பில் வேறுபட்டு, வெவ்வேறு மண்ணில் சிறந்தமை இங்குக் கவனிக்கத்தக்கது.

குவேயின் வழித்தோன்றல்கள் இப்பதினாறோடு நிற்கவில்லை. ஜெர்மனியின் புகழ்பெற்ற ரீஸ்லிங், ஹங்கேரியின் ஃபுர்மிந்த் ஆகியவற்றிற்கும் இதுவே ஒரு பெற்றோர் எனப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஐரோப்பிய வெண்திராட்சைகளின் வரலாற்றில் இவ்வளவு பெரிய இடம் பெற்ற கொடிகள் மிகச் சிலவே.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்த வெள்ளை

பினோ கறுப்புத் திராட்சை. குவே வெள்ளை. பிள்ளைகளுள் சில வெள்ளையாகவும் சில கறுப்பாகவும் இருப்பதேன் என்னும் வினா மரபியல் பாடத்திற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

திராட்சைத் தோலில் கருஞ்சிவப்பு நிறப்பொருள் உண்டாவதற்கு அருகருகே அமைந்த இரண்டு ஜீன்கள் பொறுப்பாகும். வெள்ளைத் திராட்சையில் இவை செயலிழந்துள்ளன. இவற்றுள் ஒன்று செயலிழந்தது எவ்வாறு என்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2004இல் விளக்கினர். இடம் விட்டு இடம் பெயரும் இயல்புடைய ஒரு டி.என்.ஏ. துண்டு அந்த ஜீனின் முகப்பில் புகுந்துகொண்டு அதனை இயங்காமற் செய்துவிட்டது.

நிறம் தரும் அமைப்பை 'நி' எனவும், செயலிழந்ததை 'வெ' எனவும் குறிக்கலாம். ஒரே ஒரு 'நி' இருப்பினும் கனி கறுக்கும். ஆகவே 'நி' ஓங்கு பண்பு, 'வெ' ஒடுங்கு பண்பு. பினோவின் அமைப்பு 'நி வெ' ஆகும். குவேயின் அமைப்பு 'வெ வெ'. இவ்விரண்டும் கலந்தால் பிள்ளைகளுள் பாதி 'நி வெ' எனக் கறுப்பாகவும், பாதி 'வெ வெ' என வெள்ளையாகவும் இருக்க வேண்டும். பதினாறு வகைகளை எண்ணிப் பார்த்தால் 11 வெள்ளை, 5 கறுப்பு உள்ளன. எட்டுக்கு எட்டு என அமையவில்லையே என மாணவர் கேட்கக்கூடும். அதற்கு இரு விடைகள் உண்டு. முதலாவது, எண்ணிக்கை சிறிது. நாணயத்தைப் பதினாறு முறை சுண்டினால் எட்டு முறை தலை விழும் என்பது உறுதியன்று. இரண்டாவது, பிறந்த கொடிகள் யாவும் பிழைக்கவில்லை. உழவர் விரும்பித் தேர்ந்தெடுத்தவையே எஞ்சின. இயற்கையின் விகிதமும் மனிதனின் தேர்வும் ஒன்றல்ல என்பதை இவ்விடத்தில் மாணவர்க்கு உணர்த்தலாம்.

வெள்ளைப் பினோவிற்கும் ஷார்டொனேக்கும் உள்ள வேற்றுமையும் இதனால் தெளிவாகிறது. முன்னது, பினோக் கொடி தன் உடலிலேயே 'நி'யை இழந்ததால் வந்தது. பின்னது விதையின் வழியே பிறந்த தனி உயிர். தோற்றத்தில் ஒத்திருப்பினும் பிறப்பில் இரண்டும் வேறு.

அறிவியலில் ஒரு விளக்கம் பின்வரும் ஆராய்ச்சியால் திருத்தம் பெறுவதற்கும் இவ்வரலாற்றில் சான்று உண்டு. பினோவும் குவேயும் உறவில் மிகத் தொலைவானவை. ஆதலாலேயே அவற்றின் பிள்ளைகள் வீரியம் பெற்றன என்று 1999இல் கருதினர். 2018இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஷார்டொனேயின் டி.என்.ஏ. முழுவதையும் படித்தபொழுது, பினோவும் குவேயும் தம்முள் நெருங்கிய உறவுடையன எனக் காட்டும் பகுதிகள் தென்பட்டன. பெற்றோர் இவை என்னும் முடிவு மாறவில்லை. வீரியத்திற்குக் கூறப்பட்ட காரணமே மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று.

ஒரே விதையின் கொடிகள்

திராட்சை விதையிலிருந்து வளரும் கொடி தாயைப் போல் இராது. ஷார்டொனே விதையை நட்டால் ஷார்டொனே கிடைக்காது. புதியதொரு வகையே கிடைக்கும். ஆதலால் குச்சியோ ஒட்டோ கொண்டே இதனைப் பெருக்குகின்றனர். என்றோ முளைத்த ஒரே ஒரு விதையின் கொடியைத் துண்டு துண்டாகப் பிரித்து நட்டதன் விளைவே இன்று உலகெங்கும் உள்ள ஷார்டொனேக் கொடிகள்.

இவ்வாறு பெருக்கி வரும்பொழுது சிறு மாறுதல்கள் தோன்றுதல் உண்டு. ஒரு கொடியில் கொத்து சற்றுத் தளர்வாக இருக்கும். மற்றொன்றில் விளைச்சல் கூடும். வேறொன்றில் கஸ்தூரித் திராட்சையின் நறுமணம் வீசும். இவற்றைத் தனித்தனியே தேர்ந்து பெருக்கினால் உட்பிரிவுகள் கிடைக்கின்றன. டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெரால்டு ஓல்மோ என்பவர் 1950க்குப் பிந்தைய ஆண்டுகளில் கலிபோர்னியத் தோட்டங்களில் நல்ல விளைச்சல் தந்த ஷார்டொனேக் கொடிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். அதற்குமுன் அம்மாநிலத்தில் இவ்வகை மிகச் சிறு பரப்பிலேயே இருந்தது. நச்சுயிர் நீக்கப்பட்ட நல்ல நடவுக்குச்சி கிடைத்த பின்னரே சாகுபடி விரைந்து பரவியது. 1976 மே 24ஆம் நாள் பாரிஸ் நகரில், பெயர் மறைத்து நடத்தப்பட்ட ஒப்பீட்டில், பர்கண்டியின் பெயர்பெற்ற வெண்மதுக்களை விஞ்சிக் கலிபோர்னியாவின் ஷார்டொனே மது முதலிடம் பெற்றது. மதிப்பிட்டோர் ஒன்பதின்மரும் பிரெஞ்சு நாட்டவர். நல்ல நடவுப்பொருளைத் தேர்ந்து பரப்பும் பணி எத்துணைப் பயன் விளைக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

மண்ணும் தட்பவெப்பமும்

ஷார்டொனே பலவகை மண்ணில் வளரும். எனினும் சுண்ணாம்பும் களியும் கலந்த சரிவு நிலம் இதற்கு மிக உகந்தது. பர்கண்டியின் வடகோடியில் உள்ள ஷாப்லி வட்டாரத்தின் மண், பண்டைக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக் களியாலானது. அதில் சிறு சிப்பிகளின் கல்லுருக்கள் மிகுதியாகக் காணப்படும்.

சுண்ணாம்பு நிலம் ஒரு காலத்தில் பெருந்தொல்லை விளைத்தது. வட அமெரிக்காவினின்று வந்த பில்லாக்சீரா என்னும் பூச்சி 1860க்குப் பின் பிரெஞ்சுத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. அசுவினிக்கு உறவான இச்சிறு பூச்சி வேரைத் தாக்கும். 1868இல் மான்ட்பெல்லியே அறிஞர் பிளாங்ஷோன் முதலியோர் இதனைக் கண்டுபிடித்தனர். அமெரிக்கத் திராட்சை இனங்களின் வேர் இப்பூச்சியைத் தாங்கும் என அறிந்து, அவற்றை வேர்ச்செடியாகக் கொண்டு ஐரோப்பிய வகைகளை மேலே ஒட்டுக்கட்டினர். ஆனால் முதலில் கையாண்ட அமெரிக்க வேர்கள் சுண்ணாம்பு நிலத்தில் இரும்புச் சத்தை ஏற்க இயலாமல், இலை வெளுத்துச் சோகை கண்டன. 1887இல் பியேர் வியாலா என்னும் அறிஞர் சுண்ணாம்பைத் தாங்கும் இனத்தைத் தேடி அமெரிக்கா சென்றார். டெக்சாஸ் மாநிலச் சுண்ணாம்புக் குன்றுகளில் இயல்பாக வளரும் பெர்லாண்டியேரி என்னும் காட்டுத் திராட்சை அதற்கு ஏற்றதென முடிவு கண்டார். அவ்வினத்தைப் பிறவற்றோடு கலந்து பெற்ற வேர்ச்செடிகளே ஷாம்பேன் முதலிய சுண்ணாம்பு நிலங்களில் ஷார்டொனேயைத் தாங்கி நிற்கின்றன.

இவ்வகையின் பெருங்குறை உறைபனிக்கு எளிதில் இரையாவது. வசந்தத்தின் தொடக்கத்திலேயே இது துளிர்த்துவிடும். ஏப்ரல் மாத இரவுகளில் உறைபனி விழுந்தால் இளந்துளிர் கருகும். 2016, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் பர்கண்டியில் பெருஞ்சேதம் ஏற்பட்டது. உழவர் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பெரிய மெழுகுத் திரிகளை ஏற்றிக் காற்றைச் சூடேற்றுவர். ஷாப்லியில் மற்றொரு முறையும் உண்டு. இரவு முழுவதும் கொடிகளின் மீது நீரைத் தூவுவர். நீர் துளிரின் மேல் பனிக்கட்டியாக உறையும். ஒரு கிராம் நீர் உறையும்பொழுது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுவதால், உள்ளிருக்கும் துளிரின் வெப்பநிலை சுழியை ஒட்டியே நிற்கும். பனிக்கட்டி உருகும் வரை நீர் தூவுதலை நிறுத்தலாகாது. இடையில் நிறுத்தினால் சேதம் மிகும். உறைதலின் உள்ளுறை வெப்பத்தைக் கற்பிக்கும் இயற்பியல் ஆசிரியருக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

நோய்களுள் சாம்பல் நோய் இதனை எளிதில் தாக்கும். கொத்து செறிந்திருப்பதாலும் தோல் மெல்லியதாக இருப்பதாலும் மழைக்காலத்தில் அழுகலும் வரும். பூக்கும் பருவத்தில் குளிர் நேர்ந்தால் சூல் சரிவரப் பிடியாமல், ஒரே கொத்தில் பெருங்கனிகளும் விதையற்ற சிறுகனிகளும் கலந்து காணப்படும்.

சாற்றின் தன்மை

ஷார்டொனேயின் சாற்றில் தனக்கே உரிய ஓங்கிய மணம் குறைவு. மஸ்கட் வகையை முகர்ந்த அளவில் அறியலாம். ஷார்டொனேயை அவ்வாறு அறிதல் அரிது. இக்குறையே இதன் பெருமைக்கும் காரணமாயிற்று. விளைந்த நிலத்தின் வெப்பநிலையும் தயாரிப்போரின் முறையும் மதுவில் தெளிவாகப் புலப்படுகின்றன. குளிர்ந்த ஷாப்லியில் விளைந்தது புளிப்பு ஓங்கிப் பச்சை ஆப்பிளை நினைவூட்டும். வெப்பமான நிலத்தில் விளைந்தது மாம்பழம், அன்னாசி போன்ற பழங்களின் மணம் கொள்ளும்.

ஈஸ்டு நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுவது முதல் நொதித்தல். அதன்பின் சில பாக்டீரியாக்கள் சாற்றிலுள்ள கூர்ம்புளிப்பான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். தயிரின் புளிப்பும் லாக்டிக் அமிலத்தால் வருவதே. அம்மாற்றத்தின்பொழுது தோன்றும் டைஅசிட்டைல் என்னும் பொருளால் மதுவில் வெண்ணெய் மணம் உண்டாகிறது. பர்கண்டியில் 228 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாயில் இதனை வைப்பர். மரத்தினின்று வனிலாவை ஒத்த மணம் சேரும். பலர் ஷார்டொனேயின் மணமென எண்ணுவதில் ஒரு பகுதி பீப்பாயின் மணமேயாகும்.

வகைகளைக் காத்தலின் தேவை

1999ஆம் ஆண்டின் ஆராய்ச்சி எவ்வாறு இயன்றது என்பதைச் சிந்திக்க வேண்டும். தோட்டங்களில் குவே ஏறக்குறைய மறைந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் வலே பகுதி, ஆஸ்திரேலியாவின் ரூதர்கிளென் போன்ற சில இடங்களில் மட்டும் சிறு அளவில் எஞ்சியிருந்தது. எனினும் பிரெஞ்சு நாட்டின் தென்கடற்கரையில், வஸ்ஸால் என்னுமிடத்தில், மணல் நிலத்தில் 1949ஆம் ஆண்டு முதல் பேணப்பட்டு வந்த திராட்சைத் தொகுப்பில் பயனற்றவையெனக் கைவிடப்பட்ட வகைகளுக்கும் இடம் அளிக்கப்பட்டிருந்தது. மணலில் பில்லாக்சீரா வாழாதாகையால் கொடிகள் தம் சொந்த வேரிலேயே அங்கு வளர்ந்தன. குவேயும் அவற்றுள் ஒன்று. இதனால் விற்பனை இல்லை, பரிசு இல்லை, ஆகவே பிடுங்கிவிடலாம் எனத் தொகுப்பாளர் முடிவு செய்திருப்பாராயின், ஷார்டொனேயின் தாயை ஒப்பிட்டறிய வழியிராது.

இந்தியாவின் நிலைக்கும் இப்பாடம் பொருந்தும். வெப்ப மண்டலத்தில் திராட்சைக் கொடி குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. ஆகவே மராட்டியப் பகுதியில் ஏப்ரலில் ஒரு முறையும் அக்டோபரில் ஒரு முறையும் கவாத்து செய்து, ஆண்டுக்கு ஒரு விளைச்சல் எடுக்கின்றனர். குளிர் நாட்டின் ஷார்டொனே இங்குப் பெரும் பரப்பில் பயிராகவில்லை. தாம்சன் விதையிலி போன்ற சில வகைகளே பெரும் பரப்பைப் பிடித்துள்ளன. சந்தை விரும்பும் ஒரு சில வகைகள் பரவப் பரவப் பழைய வகைகள் ஒதுங்குவது இயல்பு. ஆனால் புதிய வகைகளை உண்டாக்க அப்பழைய வகைகளே பெற்றோராக வேண்டும். பெங்களூர் நீலம் என்னும் எளிய கறுப்புத் திராட்சையைப் பிளாக் சம்பாவோடு கலந்தே அர்க்கா சியாம் என்னும் வகையை இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் தோற்றுவித்தனர். 1997இல் பூனாவில் நிறுவப்பட்ட தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையமும் பல வகைகளைத் தொகுத்துப் பேணி வருகிறது.

களப்பணியாளர் சிற்றூர்களில் பழைய கொடிகளைக் காணும்பொழுது, விளைச்சல் குறைவு, சுவை குறைவு என்னும் காரணத்தால் அவற்றைக் கணக்கில் கொள்ளாமல் விடலாகாது. கொடி நிற்கும் இடம், உழவர் வழங்கும் பெயர், ஏறத்தாழ அதன் வயது, இலை, துளிர், கொத்து ஆகியவற்றின் அடையாளம், நோய் தாங்கும் தன்மை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். உழவர் அதனைப் பிடுங்க எண்ணியிருப்பின், முற்றிய குச்சிகள் சிலவற்றை அவர் இசைவுடன் பெற்று, பெயர்ச்சீட்டுக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திற்கு அனுப்புதல் நலம். பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு தத்தம் ஊரில் உள்ள மா, பலா, திராட்சை முதலியவற்றின் வகைகளை, பெயரோடும் இலை அடையாளத்தோடும் ஒரு பதிவேட்டில் எழுதச் செய்யலாம். ஒவ்வோராண்டும் அதே மரங்களையும் கொடிகளையும் மீண்டும் சென்று பார்த்து, எவை எஞ்சியுள்ளன என்பதையும் அப்பதிவேட்டில் குறித்து வருதல் வேண்டும்.